பங்குனி முதல் வைகாசி வரை அன்றாடத்துக்குப் போதுமான உடைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பள்ளத்தூர் வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளத்தூரில் குடியிருக்கிறேன்; காரைக்குடியில் ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். மாசி முடியும் தறுவாயில் அலமாரியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது, என்னிடம் 43 சேலைகளும் 19 சுடிதார்களும் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். அவற்றுள் சென்ற ஆண்டு பங்குனி தொடங்கி வைகாசி முடியும்வரை நான் உண்மையில் உடுத்தியவை எத்தனை என்று யோசித்தால், ஒன்பதுக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் தள்ளிப்போயின: ஒன்றின் ரவிக்கை இறுகிவிட்டது, ஒன்று வியர்த்தவுடன் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, ஒன்றைக் கஞ்சி போட்டுத் தேய்க்காமல் உடுத்தவே முடியாது, ஒன்றின் வெளிர்நிறக் கரையில் ஒரே நாளில் செம்மண் ஏறிவிடுகிறது. இத்தனை துணிகளை வைத்துக்கொண்டும் காலை ஏழரை மணிக்கு அலமாரியின் முன் திகைத்து நிற்கிறேன்.

‘கேப்சூல் வார்ட்ரோப்’ என்னும் அளவான உடைத்தொகுப்பு முறையைப் பற்றி அண்மையில் படித்தேன். 1970-களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ என்பவர் இதைப் பரப்பினார் என்றும், 1985-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர் டோனா கரன் ஒன்றோடொன்று மாற்றி அணியத்தக்க ஏழு உடைகளைக் கொண்ட தொகுப்பை வெளியிட்ட பிறகு பலரும் இதை அறிந்தார்கள் என்றும் தெரிந்துகொண்டேன். முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே வசந்த காலத்துக்கென்று தரப்படும் பட்டியல் நமக்கு உதவாது. குளிர் மெல்ல விலகும் நாட்டில், காலையில் போட்டுக்கொண்டு மதியம் கழற்றி வைக்கும் மெல்லிய கோட்டும் கம்பளிச் சட்டையும்தான் அந்தப் பட்டியலின் அடிப்படை. நமக்கோ பங்குனியின் அதிகாலையில் மட்டும் பின்பனி சற்று மிஞ்சியிருக்கிறது. இளவேனில் என்று பெயர் பெற்ற சித்திரையும் வைகாசியும் வெயில் ஏறும் மாதங்கள். மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கினால் 28 வரை வெளியே நிற்க முடிவதில்லை.

என் அன்றாடம் இதுதான். காலை எட்டு மணிக்குப் பேருந்து. இறங்கிய பின் அரைக் கிலோமீட்டர் செம்மண் பாதையில் நடை. மின்விசிறி மட்டுமே உள்ள வகுப்பறையில் நாளுக்கு நான்கு மணி நேரம் நின்று கரும்பலகையில் எழுத வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை சேலை கட்டாயம். சனிக்கிழமை சுடிதார் அணியலாம். மாலையில் ஸ்கூட்டரில் சந்தைக்குச் செல்வேன். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி பங்குனித் திருவிழாவில் ஆண்டுதோறும் பால்குடம் எடுப்பதால் மஞ்சள் சேலை ஒன்று வேண்டும். சித்திரையிலும் வைகாசியிலும் எப்படியும் நான்கைந்து திருமணங்கள் இருக்கும். எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்பதால் தினமும் துவைக்க இயலாது.

சென்ற சித்திரையில், தூய பருத்தி என்று நம்பி இணையவழிக் கடை ஒன்றில் மூன்று சேலைகள் வாங்கினேன். கலப்பு நூல் என்பது உடுத்திய பிறகே தெரிந்தது. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கண்டு இரண்டு வாரம் துன்பப்பட்டேன். திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். அதனால் இம்முறை கேட்டுவிட்டுச் செய்ய விரும்புகிறேன். எத்தனை உடைகள் இருந்தால் போதும்? எதிலிருந்து தொடங்கி எண்ண வேண்டும்? நம் செட்டிநாட்டுக் கட்டம் போட்ட பருத்திச் சேலையான கண்டாங்கியை அன்றாடம் கட்டலாமா? எல்லாவற்றையும் புதிதாக வாங்கும் எண்ணம் எனக்கில்லை. இருப்பவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்றை மட்டும் சேர்க்க நினைக்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி

தங்கையே, உன் கேள்வியைப் படித்ததும் என் அப்பத்தாவின் நினைவு வந்தது. வீட்டு நடுமுற்றமான வளவில் கட்டியிருந்த கொடியில் அவருக்கென்று கிடந்தவை ஆறே சேலைகள். அவற்றைக் கட்டிக் களையும் சேலைகள் என்பார். விசேஷத்துக்கு உரியவை பெட்டகத்தில் தனியே இருந்தன. இரண்டையும் அவர் ஒருநாளும் கலந்ததில்லை. நீ செய்ய நினைப்பதும் அதுதான். உன் 43 சேலைகளை முதலில் இந்த இரு வகையாகப் பிரித்து, விசேஷத்துக்கு உரியவற்றை வேறு அலமாரிக்கோ பெட்டிக்கோ மாற்றிவிடு. அன்றாட அலமாரியில் பட்டும் ஜரிகையும் கண்ணில் படும்வரை, காலையில் கை எதை எடுப்பது என்று தடுமாறிக்கொண்டுதான் இருக்கும்.

கண்டாங்கியைக் கேட்டிருக்கிறாய். தாராளமாகக் கட்டலாம்; அது அன்றாட உழைப்புக்காகவே பிறந்த சேலை. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பலர் அதை விழாவுக்கு மட்டும் எடுத்து வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டங்களும் அகலமான கரையும் வெறும் அழகுக்காக மட்டும் இருப்பவை என்று நான் நினைக்கவில்லை. நம் செம்மண் புழுதி முதலில் ஏறுவது சேலையின் அடிக்கரையில்தான். அரக்கும் கறுப்பும் கலந்த அகலக் கரையில் அது தெரிவதில்லை. கட்டம் போட்ட உடலில் சிறு கசங்கலும் கண்ணுக்குப் படுவதில்லை. பேருந்தில் போகிறவளுக்கு இந்த இரண்டைவிட வேறென்ன வேண்டும்? புதிதாக வாங்கியதும் விறைப்பாக இருக்கிறது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான்கைந்து முறை நீரில் விழுந்து எழுந்த பிறகுதான் அது உடம்போடு பழகும். மிகவும் பழசாகி நைந்த சேலையில்தான் குழந்தைக்குத் தொட்டில் கட்டுவோம் என்பதிலிருந்தே அதன் மென்மையை நீ ஊகித்துக்கொள்ளலாம்.

கஞ்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பங்குனியில் வடித்த கஞ்சியை நன்றாக நீர்க்கக் கரைத்து முக்கி எடுத்தால் போதும். அக்கினி நட்சத்திர நாட்களில் கஞ்சியே போடாதே. கெட்டியான கஞ்சி நூல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை அடைத்துவிடுகிறது. வியர்வை பட்டதும் அது பிசுபிசுப்பாக மாறி, பருத்தி கட்டியிருக்கிறோம் என்ற பயனே இல்லாமல் செய்துவிடும். வைகாசி முடிந்து எடுத்து வைக்கும்போது, கஞ்சி முழுவதும் போகும்படி அலசிக் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும். கஞ்சிப் பசையைத் தின்ன வரும் வெள்ளிப்பூச்சி, கூடவே துணியையும் அரித்துவிடும். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இரண்டு நல்ல சேலைகளை இப்படி இழந்திருக்கிறேன். அடுக்குகளுக்கு நடுவே வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைப்பது எங்கள் வழக்கம். அதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பு மாற்றி வைப்பதுதான் துணியைக் காப்பாற்றும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இழை விட்டுவிடும்.

காயப்போடும்போது உள்பக்கம் வெளியே இருக்கட்டும். முற்றத்து வெயிலில் நேராக விரிக்காமல் நிழல் விழும் பக்கமாகக் கொடி கட்டிக்கொள். சித்திரைக் காற்றுக்கு நிழலிலேயே இரண்டு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். கரையில் செம்மண் பட்டால் உடனே நனைக்காமல், காயவிட்டுத் தட்டி உதறிய பிறகு துவை. ஈரத்தோடு தேய்த்தால் மண் இழைக்குள் இறங்கிவிடும்.

காரைக்குடித் தையற்காரர்

அம்மா, நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரவிக்கை தைத்து வருகிறேன். சேலை கட்டுபவர்கள் உடைத்தொகுப்பைச் சேலையிலிருந்து எண்ணத் தொடங்குவதுதான் தவறு என்பது என் அனுபவம். ரவிக்கையிலிருந்து தொடங்குங்கள். சேலை எந்த உடம்புக்கும் பொருந்தும். பத்து ஆண்டு கழித்தும் பொருந்தும். உடம்பு சற்று மாறினால் பயனற்றுப் போவது ரவிக்கைதான், அதோடு சேர்ந்து அந்தச் சேலையும் அலமாரிக்குள் போய்விடுகிறது. உங்கள் கேள்வியில் நீங்கள் சொன்ன முதல் காரணமே அதுதான் என்பதைக் கவனித்தேன்.

ஒரு விடுமுறை நாளில் இருக்கும் ரவிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிலைக்கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்தால் எல்லாம் பொருந்துவதுபோலத்தான் தெரியும். நீங்கள் பலகையில் எழுதுபவர். ஆகவே வலக்கையை உயர்த்தி, எட்டி எழுதுவதுபோல் நீட்டிப் பாருங்கள். அக்குளில் இழுக்கிறதா, கீழ்விளிம்பு மேலே ஏறுகிறதா, முதுகில் கொக்கி விலகுகிறதா என்று பார்த்தால், எதை வைத்துக்கொள்வது என்பது அப்போதே தெரிந்துவிடும். இறுக்கமானவற்றை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத் தையலின் உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் பிரித்து விரித்துக் கொடுக்கலாம். புதிய சேலைக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்த வேலைக்குச் செலவிட்டால், உங்களிடம் இருக்கும் சேலைகளில் ஆறேழு மீண்டும் புழக்கத்துக்கு வந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

புதிதாகத் தைப்பதாக இருந்தால், வெயில் காலத்துக்கு டூ பை டூ ரூபியாத் துணியே ஏற்றது. நீளவாக்கில் ஓடும் பாவிலும் குறுக்கே ஓடும் ஊடையிலும் இரண்டிழை முறுக்கிய பருத்தி நூல் என்பதால் மெல்லியதாக இருந்தும் தாங்கும். பெரும்பாலும் உள்துணி தேவைப்படாது. உள்துணி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மல் என்னும் மெல்லிய பருத்தித் துணி கொடுங்கள். மேலே நல்ல பருத்தியை வைத்துவிட்டு உள்ளே வழவழப்பான பாலியெஸ்டரைத் தைத்துக்கொண்டு, வியர்க்கிறது என்று வருந்துபவர்களைத் தினமும் பார்க்கிறேன். உடம்பில் படுவது உள்துணிதானே. இரண்டு துணிகளையும் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால், முதல் துவைப்பிலேயே ரவிக்கை குமிழ் விட்டதுபோல் ஆகிவிடும். சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போதும் அப்படித்தான்: சேலையையும் ஃபால்ஸையும் ஒருமுறை நனைத்துவிட்டுப் பிறகு கொண்டுவாருங்கள்.

கைநீளம் முழங்கை வரை இருந்தால் பேருந்து நிறுத்தத்து வெயிலிலிருந்து கை தப்பும். ஆனால் அக்குள் சுற்றளவை வழக்கத்தைவிட அரை அங்குலம் தளர்த்திச் சொல்லுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, வியர்வை ஈரத்தை அதிகம் காட்டிக்கொடுப்பவை சாம்பல், வெளிர்நீலம் போன்ற நடுத்தர நிறங்கள். கறுப்பிலும் அடர்ந்த அரக்கிலும் அவ்வளவாகத் தெரியாது, வெள்ளையிலும் தெரியாது. அரக்கு, கறுப்பு, கடுகு மஞ்சள், சந்தனம் என்னும் நான்கு நிறங்களில் கரை வேலைப்பாடு எதுவுமில்லாத ரவிக்கைகள் இருந்தால், நம் பக்கத்துச் சேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். சேலையோடு சேர்ந்து வரும் ரவிக்கைத் துணியைத் தைக்கும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. அப்படித் தைத்த ரவிக்கை அந்த ஒரு சேலைக்கே உரியதாகிவிடும். உங்கள் நோக்கத்துக்கு அது எதிரானது. அந்தத் துணியை வெட்டாமல் சேலையோடே விட்டுவிடுங்கள், அல்லது தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாவாடையையும் மறந்துவிட வேண்டாம். பாப்ளின் பருத்தியில் அரக்கு ஒன்றும் சந்தன நிறம் ஒன்றும், மாற்றுக்கு இன்னும் இரண்டும் இருந்தால் போதும். கண்டாங்கி போன்ற அடர்த்தியான நெசவில் உள்ளே இருக்கும் பாவாடையின் நிறம் வெளியே தெரியாது. உடம்பைப் பிடிக்கும் வழுவழுப்பான பாவாடைகளை ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் வணிகம் செய்பவர், புதுவயல்

சகோதரியின் வேர்க்குருவுக்குக் காரணம் நூல்தான் என்பதால், அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு நூலிழை காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. வழக்கமான சோதனை நிலையில் பருத்திக்கு அது எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு, லினனுக்கு 12 வரை, பாலியெஸ்டருக்கு 0.4 மட்டுமே. தோலில் சுரக்கும் வியர்வையைப் பருத்தி உறிஞ்சி வெளியே ஆவியாக விடுகிறது. பாலியெஸ்டர் இழைக்குள் அது நுழைவதே இல்லை என்பதால் தோலுக்கும் துணிக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. விளையாட்டு வீரர்களுக்கென்று தனி முறையில் நெய்யப்படும் பாலியெஸ்டர் வேறு கதை. சேலைக் கடையில் கிடைப்பது அதுவன்று. ரேயான் ஈரத்தை நன்றாகவே வாங்கும், உடுத்தவும் குளிர்ச்சி. ஆனால் நனைந்தால் அதன் வலிமை குறைந்துவிடும். பருத்தியோ நனைந்தால் இன்னும் வலுப்பெறும். அடித்துத் துவைக்கும் வீட்டில் ரேயான் நீடிக்காது.

கலப்பா, தூய பருத்தியா என்று அறிய ஒரு வழி உண்டு. முந்தானை ஓரத்திலிருந்து பாவிழை ஒன்றையும் ஊடையிழை ஒன்றையும் உருவி, தனித்தனியே நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணத்து எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான மணியாக நிற்கும். இரண்டு இழைகளையும் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பாவில் பருத்தியும் ஊடையில் செயற்கை நூலுமாக நெய்த சேலைகள் சந்தையில் ஏராளம், ஒன்றை மட்டும் எரித்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

அடுத்தது நூலின் நம்பர். எண் கூடக்கூட நூல் மெலியும். 40-ஆம் நம்பர் தடிமனானது, 60 நடுத்தரம், 80-உம் 100-உம் மெல்லியவை. கண்டாங்கி வாங்கும்போது எந்த நம்பர் நூல் என்று நெசவாளரிடமோ கூட்டுறவுக் கடையிலோ கேளுங்கள், சொல்லத் தயங்கமாட்டார்கள். பேருந்திலும் வகுப்பிலும் நாள் முழுவதும் இருப்பவருக்கு 80 பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. ஆச்சி சொன்ன உழைப்பு வேண்டுமென்றால் 60-ஐ எடுங்கள், எடையும் சற்றுக் கூடும்.

புதுச் சேலையை உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீடுகளில் சொல்வதுண்டு. சாயத்தை ஏற்றும் வேளையில் சாயப்பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு. நெய்து முடித்த துணியில் பிடிப்பில்லாமல் இருக்கும் சாயத்தை வீட்டு உப்பு நிறுத்தாது. முதல் மூன்று நான்கு முறை குளிர்ந்த நீரில் தனியாக அலசுவதே பாதுகாப்பானது. வெள்ளைத் துணியில் ஈரமாகத் தேய்த்துப் பார்த்து நிறம் ஒட்டாதபோது மற்றவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர்ச் செவிலியர்

ஆறு நாளும் சுடிதார் அணிந்து ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்பவள் என்ற முறையில் சில வரிகள். உங்களுக்குச் சனிக்கிழமையும் மாலை நேரமும் மட்டும் என்றால் மூன்று மேலாடைகளும் இரண்டு கால்சட்டைகளும் போதும்; 19 வேண்டியதில்லை. கால்சட்டை இரண்டும் மூன்று மேலாடைகளுக்கும் பொருந்தும்படி ஒன்று கறுப்பாகவும் ஒன்று சந்தன நிறமாகவும் இருக்கட்டும். காலைப் பிடிக்கும் லெக்கின்ஸ் வேண்டாம், தளர்ந்த பருத்திக் கால்சட்டையே வெயிலுக்கு உகந்தது. துப்பட்டாவை வண்டி ஓட்டும்போது இரு முனைகளையும் சேர்த்துப் பின்னால் முடிந்துவிடுங்கள், அல்லது பையில் வைத்துவிடுங்கள். சக்கரத்தில் துப்பட்டா சிக்கி வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். வெயிலுக்காக ஒரு வெள்ளைப் பருத்தி முழுக்கைச் சட்டையை வண்டியிலேயே வைத்துக்கொண்டால், பங்குனி அதிகாலைப் பனிக்கும் சித்திரை மதியத்துக்கும் அது ஒன்றே உதவும். வெளிநாட்டுப் பட்டியலில் வரும் கோட்டின் இடத்தில் நான் வைத்திருப்பது அதைத்தான்.

திருமயத்திலிருந்து ஒருவர்

ஆண்களுக்கும் இதே கணக்குப் பொருந்துமா என்று கேட்க நினைத்தேன். வாரந்தோறும் திருச்சிக்குச் சென்று திரும்பும் நான் தற்போது ஐந்து பருத்தி அரைக்கைச் சட்டைகளும், அலுவலகத்துக்கு இரண்டு கால்சட்டைகளும், வீட்டுக்கு நான்கு முழ வேட்டிகள் மூன்றும், கோயிலுக்கும் திருமணத்துக்கும் எட்டு முழ வேட்டி இரண்டும் வைத்துக்கொண்டு இந்த மூன்று மாதத்தையும் கடத்துகிறேன். குறை எதுவும் தெரியவில்லை. சட்டைகளில் ஒன்று வெள்ளையாக இருந்தால் விசேஷத்துக்கென்று தனியாக வாங்க வேண்டியதில்லை.

பள்ளத்தூர் வாசகி

இத்தனை அக்கறையோடு பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆச்சி, உங்கள் பதிலை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் கட்டிக் களையும் சேலை என்றே சொல்வார்கள் என்பது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த வேலையில்தான் சென்றது. தையற்காரர் ஐயா சொன்னபடி ரவிக்கைகளிலிருந்து தொடங்கினேன். டோனா கரனின் ஏழு உடைகளிலும் அடித்தளமாக இருந்தது உடம்போடு பொருந்திய உள்மேலாடை ஒன்றுதான். மற்றவை எல்லாம் அதன்மேல் மாறி மாறி வந்தன. நம் உடையில் அந்த இடம் ரவிக்கைக்கு உரியது என்பது நீங்கள் சொன்ன பிறகுதான் விளங்கியது. என்னிடம் 31 ரவிக்கைகள் இருந்தன. கையை உயர்த்தி எழுதுவதுபோல் பார்த்ததில் தேறியவை எட்டு. உள்ளே துணி இருப்பதால் விரிக்கத் தக்கவை ஆறு. தேறிய எட்டிலும் ஐந்து, ஒரே ஒரு சேலைக்கு மட்டும் பொருந்துபவை.

பிறகு எத்தனை சேலை வேண்டும் என்பதைத் துவைக்கும் நாட்களிலிருந்து கணக்கிட்டேன். தண்ணீர் வரும் நாட்களை ஒட்டி, புதனும் ஞாயிறும் சேலை துவைப்பது என்று வைத்துக்கொள்கிறேன். இந்த வெயிலில் ஒருமுறை கட்டிய சேலையைத் துவைக்காமல் மறுபடி கட்ட முடியாது. திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாளுக்கு மூன்று. வியாழன், வெள்ளிக்கு இரண்டு. புதன் மாலை துவைத்தவை தேய்த்து வரத் தாமதமானால் கைகொடுக்க ஒன்று. திடீரென்று தேர்வுப் பணி என்று சனிக்கிழமை அழைத்தால் ஒன்று. ஆக ஏழு. ரவிக்கையும் பாவாடையும் சிறியவை என்பதால் அன்றன்றைக்கே ஒரு வாளி நீரில் அலசிவிடலாம், இரவுக்குள் உலர்ந்துவிடும். ஆகவே ரவிக்கை ஐந்தும் பாவாடை நான்கும் போதுமானவை.

இருந்த சேலைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இழைகளை உருவி எரித்துப் பார்த்தபோது, பருத்தி என்று இத்தனை நாள் நினைத்திருந்த இரண்டின் ஊடை உருகி மணியாக நின்றது. அவற்றை நீக்கிய பிறகு மிஞ்சியவைதான் இந்த ஐந்து: இரண்டு சுங்குடி, ஒரு பழைய கண்டாங்கி, கட்டம் போட்ட இரண்டு கைத்தறிச் சேலைகள். இன்னும் இரண்டு கண்டாங்கிகளை மட்டும், 80-ஆம் நம்பர் நூலில், நெசவாளரிடமே நேரில் சென்று வாங்கப் போகிறேன். இரண்டில் ஒன்றை மஞ்சள் உடலும் அரக்குக் கரையுமாகப் பார்க்கிறேன். பால்குடத்துக்கும் அதுவே ஆகும், கல்லூரிக்கும் அதுவே ஆகும். திருமணங்களுக்குப் பட்டுப் பருத்தியில் இரண்டை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மீதியைக் கஞ்சி போக அலசி வசம்போடு பெட்டிக்குள் வைத்துவிட்டேன். செவிலியர் அம்மா சொன்ன வெள்ளைச் சட்டை என் தம்பியிடம் இருந்தது, கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு ஐயம் மீதி இருக்கிறது. சுங்குடிகள் இரண்டும் ஊதாவும் பச்சையும். தையற்காரர் ஐயா சொன்ன நான்கு நிறங்களில் எது இவற்றோடு சேரும்? ஐந்தாவது ரவிக்கையை எந்த நிறத்தில் தைப்பது?

காரைக்குடித் தையற்காரர்

அம்மா, ஊதாச் சுங்குடிக்குக் கடுகு மஞ்சளும், பச்சைக்கு அரக்கும் நன்றாகச் சேரும். புள்ளிகள் வெள்ளையாக இருந்தால் இரண்டுக்குமே சந்தனம் பொருந்தும். ஐந்தாவதற்குப் புதிய நிறம் தேட வேண்டாம். அரக்கையே இன்னொன்றாகத் தைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏழில் நான்குக்காவது அதுதான் வேண்டியிருக்கும், ஆகவே அடிக்கடி துவைப்பதும் அதுவாகத்தான் இருக்கும். அரக்கு என்று சொல்லித் துணிக்கடையில் கேட்டால் செங்கல் நிறத்திலிருந்து கத்தரிப்பூவை ஒட்டிய நிறம்வரை பத்து வகை எடுத்துப் போடுவார்கள். கடை விளக்கில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பழைய கண்டாங்கியைக் கையோடு கொண்டுசென்று, துணியை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் கரையோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள். விரிக்க வேண்டிய ஆறு ரவிக்கைகளையும் துவைத்த பிறகு அனுப்புங்கள். நனைந்து சுருங்கிய அளவில் பிரித்தால்தான் பிறகு மாறாது.